மாணவர் நிதியுதவி விண்ணப்பங்கள்: இணையவழி சுமையைக் குறைக்குமா?

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் குடாநாட்டின் கிராம அலுவலர் அலுவலகங்களிலும் பிரதேச செயலகங்களிலும் இளைஞர், யுவதிகளின் கூட்டம் பெருகுவதை எமது வாசகர்கள் அவதானித்திருப்பர். பரீட்சையில் சித்தியடைந்த மகிழ்ச்சி அடங்குமுன்னரே அவர்களை இன்னொரு பரீட்சை எதிர்கொள்கிறது. தமது குடும்பம் வறியது என்பதை உரிய முத்திரைகளுடனும் கையொப்பங்களுடனும் உரிய திகதிக்கு முன்னர் நிரூபிக்க வேண்டிய பரீட்சை அது. கணிதத்திலும் உயிரியலிலும் சிறந்த புள்ளிகளைப் பெற்ற பிள்ளைகள் இந்தப் பரீட்சையில் தவறிவிடுவதும் உண்டு.

நீர்வேலியை எடுத்துக்கொள்வோம். பருத்தித்துறை வீதியின் இருமருங்கிலும் செம்மண் தோட்டங்கள். வாழையும் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளையும் நிலம். குலைகள் கைமாறும் வாழைக்குலைச் சந்தை. குடாநாட்டில் வாழை என்றதும் நீர்வேலியின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். நிருவாக ரீதியில் இக்கிராமம் கோப்பாய் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்குகிறது. யாழ்ப்பாண நகரும் பிரதேச செயலகமும் எட்டாத தொலைவில் இல்லை. தீவகத்தின் ஒரு கோடியில் வாழும் மாணவனோடு ஒப்பிட்டால் நீர்வேலி மாணவன் வசதியானவன் என்றே கூறவேண்டும். அவனுக்கே இந்தச் சுமை பாரமாக இருக்குமாயின் ஏனையோரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

பல்கலைக்கழக மாணவர்களுக்கு இந்நாட்டில் இரு பிரதான நிதியுதவிகள் உள்ளன. ஒன்று மகாபொல புலமைப்பரிசில். லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்த காலத்தில், 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இதற்கான நம்பிக்கை நிதியம் அமைக்கப்பட்டது. மகாபொல வர்த்தகச் சந்தைகளின் வருமானமும் லொத்தர் வருமானமும் அந்நிதியத்துக்கு ஊற்றுக்களாயின. மற்றையது 'பேர்சறி' என மாணவர்கள் அழைக்கும் உதவுதொகை. 2025 பெப்ரவரியில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், மகாபொல கொடுப்பனவை மாதாந்தம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், உதவுதொகையை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தும் முன்மொழிவு இடம்பெற்றிருந்தது. வசதி படைத்த ஒருவருக்கு இது சிறு தொகையாகத் தோன்றலாம். நீர்வேலியிலிருந்து பேராதனைக்கோ மாத்தறையிலுள்ள ருகுணு பல்கலைக்கழகத்துக்கோ தெரிவாகும் ஒரு தோட்டக்காரரின் மகளுக்கு, முதல் வருடத்தில் படிப்பைத் தொடர்வதா, திரும்பி வருவதா என்பதைத் தீர்மானிக்கும் தொகை இதுவாக அமையலாம்.

இவ்வுதவிகளுக்கு விண்ணப்பிப்போரிடம் வினவப்படுபவை நியாயமானவைதாம். பெற்றோரின் வருமானம் என்ன, கல்வி கற்கும் உடன்பிறப்புகள் எத்தனை பேர், வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்பன போன்ற வினாக்கள் அவை. பொதுப் பணத்தை வழங்கும்போது அதனைத் தேவையுடையோருக்கே வழங்கவேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. வினாக்களைப் பற்றி எமக்கு முறைப்பாடு இல்லை. ஒவ்வொரு விடைக்கும் பின்னால் வரவேண்டிய கடதாசிகளே சுமையாகின்றன. வருமானத்துக்குக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல்; அதன்மேல் பிரதேச செயலாளரின் மேலொப்பம்; உடன்பிறப்புகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள்; அவர்கள் படிக்கும் பாடசாலைகளின் அதிபர்களிடமிருந்து கடிதங்கள்; அரச ஊழியராயின் சம்பளப் பட்டியல்; பிரதிகள் உண்மையானவை எனச் சமாதான நீதவான் ஒருவரின் சான்று. கிராம அலுவலர் அலுவலகத்தில் இருக்கும் நாளும் களத்துக்குச் செல்லும் நாளும் வேறு. மேலொப்பமிட வேண்டிய உத்தியோகத்தர் மாவட்டச் செயலகக் கூட்டத்துக்குச் சென்றிருப்பார். ஒரு கையொப்பத்துக்கு இரு நாள்கள் என்பது மிகையான கணக்கல்ல. அந்த இரு நாள்களும் அன்றாடக் கூலியை நம்பி வாழும் ஒரு தந்தைக்கு இரு நாள் வருமான இழப்பாகும்.

இந்தச் சங்கிலியின் உட்பொருளைச் சற்று நோக்குவது பயனுடையது. மாணவன் சொல்வதை அரசு நம்பவில்லை; ஆகவே கிராம அலுவலர் சான்றளிக்க வேண்டும். கிராம அலுவலர் சொல்வதையும் அது முழுமையாக நம்பவில்லை. ஆகவே பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். ஆனால் பிரதேச செயலாளர் அந்தக் குடும்பத்தை நேரில் அறியமாட்டார். அவர் உறுதிப்படுத்துவது கிராம அலுவலரின் கையொப்பத்தையே அன்றி, குடும்பத்தின் வருமானத்தை அல்ல. ஐந்து கைகள் மாறிய பின்னரும் உண்மையை நேரில் கண்டவர் ஒருவரே. ஏனைய நான்கும் சம்பிரதாயங்கள்.

அந்த ஒருவருக்கும் வேலை எளிதன்று. நீர்வேலியில் ஒரு வாழைத் தோட்டக்காரரின் வருட வருமானம் என்ன? குலையின் விலை தைப்பொங்கலுக்கு ஒன்று, கோயில் திருவிழாக் காலத்தில் இன்னொன்று, வரத்து மிகுந்த மாதத்தில் வேறொன்று. உரம், கிணற்று நீர் இறைக்கும் செலவு, கூலி ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது எவ்வளவு என்பதை அவரே ஓர் எண்ணாகச் சொல்லமாட்டார். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் குடாநாட்டைப் பாதித்ததைப் போன்ற ஒரு காற்றும் மழையும் வந்தால், குலை தள்ளிய தோட்டம் ஓர் இரவில் சரிந்து அவ்வருடத்துக் கணக்கே மாறிவிடும். அரச ஊழியரின் சம்பளப் பட்டியல் சதம்வரை துல்லியமானது. கமக்காரரின் வருமானமோ அனுமானம். கிராம அலுவலர் சற்றுத் தாராளமாக எழுதினால் ஒருவருக்கு உதவி கிட்டும். கறாராக எழுதினால் அடுத்த வீட்டுப் பிள்ளை வெட்டுப்புள்ளிக்கு வெளியே நிற்கும். எத்தனை முத்திரைகள் குத்தினாலும் இந்த அனுமானம் அனுமானமாகவே இருக்கும்.

இணையவழி விண்ணப்பம் இச்சிக்கல்களைத் தீர்க்கும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானதே. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பங்களை மானியங்கள் ஆணைக்குழு இணையவழியில் ஏற்கத் தொடங்கி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் பயில்வோருக்கென 2017 இல் ஆரம்பிக்கப்பட்ட வட்டியற்ற கடன் திட்டத்துக்கும் இணையவழியிலேயே விண்ணப்பம் கோரப்பட்டது. எனினும் எமது நாட்டில் 'இணையவழி' என்ற சொல் நடைமுறையில் உணர்த்தி வந்த பொருள் விசித்திரமானது. விபரங்களைக் கணினியில் நிரப்ப வேண்டும். பின்னர் அதனை அச்சிட வேண்டும். அச்சிட்டதில் கையொப்பமிட வேண்டும். சான்றுகளைப் பெற்று இணைக்க வேண்டும். அதன்பின் பதிவுத் தபாலில் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். முன்னர் பேனாவால் எழுதியதை இப்போது விசைப்பலகையால் எழுதுகிறோம் என்பதைத் தவிர, மாணவன் ஏறி இறங்கும் படிகளில் ஒன்றும் குறையவில்லை. தட்டச்சுச் செய்யும் வேலைதான் திணைக்களத்திடமிருந்து மாணவனுக்குக் கைமாறியிருக்கிறது.

அச்சிடுவதற்கு வீட்டில் வசதியில்லாதவர்கள் நாடுவது சந்தியிலுள்ள தொடர்பாடல் நிலையத்தை. இரண்டாயிரங்களின் முற்பகுதியில் வெளிநாட்டு அழைப்புகளுக்காக நாம் வரிசையில் நின்ற 'கொம்யூனிக்கேசன்' கடைகளே இன்று போட்டோப் பிரதிக்கும் இணைய விண்ணப்பங்களுக்குமான நிலையங்களாக மாறியுள்ளன. அவை செய்யும் சேவை பெரிது; அதனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் கடைக்காரரின் மின்னஞ்சல் முகவரியிலேயே மாணவனின் கணக்குத் திறக்கப்படுவதும், கடவுச்சொல் கடையின் கொப்பியில் எழுதப்படுவதும், திருத்தம் செய்யவேண்டிய நாளில் கடை பூட்டியிருப்பதும் நடக்கக்கூடியவை. கட்டணமின்றி நிரப்பக்கூடிய ஒரு படிவத்துக்கு ஏழை மாணவனே பணம் செலுத்தவேண்டிய நிலை நிதியுதவியின் நோக்கத்துக்கே முரணானதல்லவா?

சட்டம் தடையாக இருக்கிறது என்று கூறவும் இடமில்லை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணங்களுக்கும் கையொப்பங்களுக்கும் சட்ட அங்கீகாரம் வழங்கியுள்ளது. உயில், காணிக் கைமாற்றம் முதலிய சிலவற்றை அச்சட்டம் விலக்கி வைத்துள்ளதே தவிர, புலமைப்பரிசில் விண்ணப்பத்தை விலக்கவில்லை. சட்டம் வந்து இருபது ஆண்டளவாகிறது. ஊதா மை முத்திரையின் மீதான எமது பக்தி மட்டும் குறைந்தபாடில்லை.

இவ்விடயத்தில் ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் விரிவாக நோக்கத்தக்கது. அங்கு சமஷ்டி அரசின் மாணவர் உதவி அனைத்துக்கும் 'பாஃப்ஸா' எனப்படும் ஒரே விண்ணப்பம் உள்ளது. 1992 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தையடுத்து உருவான இப்படிவம் 1997 இலேயே இணையத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் நூறுக்கு மேற்பட்ட வினாக்கள் இருந்தன. பெற்றோரின் வரிப் பத்திரத்தில் ஏற்கெனவே உள்ள எண்களையே மாணவன் மீண்டும் தேடி எழுதவேண்டியிருந்தது. படிவம் கணினிக்கு ஏறியும் சுமை இறங்கவில்லை என்பதை அந்நாட்டவர் உணர்ந்துகொள்ள இரு தசாப்தங்களுக்கு மேல் எடுத்தது. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் வினாக்களை வெகுவாகக் குறைத்தது. பெற்றோரின் சம்மதத்துடன் வரித் திணைக்களத்திலிருந்தே வருமான விபரத்தை நேராகப் பெற 2019 இல் நிறைவேறிய இன்னொரு சட்டம் வழிசெய்திருந்தது.

நோக்கம் சிறந்தது, நிறைவேற்றியதோ துன்பக் கதை. வழமையாக ஒக்டோபரில் திறக்கப்படும் விண்ணப்பம் 2023 இல் டிசம்பர் இறுதியில்தான் திறக்கப்பட்டது. அதுவும் விட்டு விட்டு இயங்கியது. சமூகப் பாதுகாப்பு இலக்கம் இல்லாத பெற்றோரின் பிள்ளைகள், அதாவது குடியேறிய வறிய குடும்பங்களின் பிள்ளைகள், பல வாரங்களாகப் படிவத்தைப் பூர்த்தி செய்யவே இயலாமல் தவித்தனர். 2024 இன் முற்பகுதியில் விண்ணப்பித்தோர் தொகை முந்திய வருடத்தைவிடக் கணிசமாக வீழ்ந்தது. அடுத்த சுற்றில் பாடம் கற்றுக்கொண்ட அதிகாரிகள், 2024 ஒக்டோபரில் சிறு தொகையினரைக் கொண்டு பரீட்சித்து, குறைகளைக் களைந்து, நவம்பர் 21 இல் அனைவருக்கும் திறந்தனர். பணமும் தொழில்நுட்பமும் மலிந்த நாட்டிலேயே இந்நிலை. ஒரே நாளில் நாடு முழுவதுக்கும் புதிய முறையைத் திணித்துவிட்டு, பழைய கதவையும் பூட்டிவிடுவது எத்துணை ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதே நாட்டில் 2008 இல் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு இதனினும் முக்கியமானது என்பது எமது கருத்து. ஒகையோ மாநிலத்திலும் வட கரோலினாவின் சார்லட் பகுதியிலும் வரிப் பத்திரம் நிரப்பிக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் அலுவலகங்களில் இது நடந்தது. வரிக் கணக்குக்காக வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, கையிலிருந்த வரி விபரங்களைக் கொண்டே நிதியுதவிப் படிவமும் சில நிமிடங்களில் நிரப்பிக் கொடுக்கப்பட்டது. இன்னொரு பகுதியினருக்கு, எவ்வளவு உதவி கிட்டும் என்ற தகவல் மட்டும் சொல்லப்பட்டது. எரிக் பெட்டிங்கர் முதலான ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, படிவம் நிரப்பிக்கொடுக்கப்பட்ட குடும்பங்களின் உயர்பாடசாலை இறுதியாண்டுப் பிள்ளைகளில் கல்லூரி சென்றோர் விகிதம் 34 இலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தது. தகவல் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்துவதும் துண்டுப்பிரசுரம் வழங்குவதும் போதும் என எண்ணுவோர் இதனைக் கவனிக்கவேண்டும். பக்கத்தில் இருந்து ஒருவர் நிரப்பிக்கொடுத்தார்; பிள்ளை கல்லூரிக்குச் சென்றது. விடயம் அவ்வளவே.

தமிழ்நாடு வேறொரு வழியைக் காட்டியுள்ளது. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்ரெம்பர் 5 இல் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஓகஸ்டில் தொடர்ந்தது. இத்திட்டத்தில் வருமான உச்சவரம்பு கிடையாது. அரசுப் பள்ளியில் படித்தாரா என்பதே கேள்வி. அதற்கான விடை பள்ளிக் கல்வித் துறையின் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. விண்ணப்பமும் கல்லூரி வாயிலாகவே செல்கிறது. தகுதியைத் தீர்மானிக்கும் வினாவையே அரசு தன்னிடமுள்ள தரவைக் கொண்டு விடையளிக்கக்கூடிய வினாவாக அமைத்துக்கொண்டதால், வருமானச் சான்றிதழ் என்ற கடதாசிக்கே அங்கு வேலை இல்லாமற் போய்விட்டது. அரசுப் பள்ளியில் படித்தோர் அனைவரும் வறியவரல்லர் என வாதிடலாம்தான். ஆனால் அந்தச் சிறு கசிவைத் தடுக்க இலட்சக்கணக்கானோரை வரிசையில் நிறுத்துவதைவிட அது மலிவானது என அவ்வரசு கணித்திருக்கவேண்டும்.

எமது அரசிடம் தரவு இல்லையா? இருக்கிறது, திணைக்களத்துக்குத் திணைக்களம் பூட்டிய அலுமாரிகளில் இருக்கிறது. மாணவனின் உயர்தரப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களம் அறியும். அவனது பிறப்பைப் பதிவாளர் நாயகம் திணைக்களம் அறியும். அவனது தம்பி எந்தப் பாடசாலையில் எந்தத் தரத்தில் படிக்கிறான் என்பதைக் கல்வி அமைச்சு அறியும். குடும்பத்தின் நிலையோ எனின், 2023 இல் நடைமுறைக்கு வந்த 'அஸ்வெசும' நலன்புரித் திட்டத்துக்காக முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடமிருந்து விண்ணப்பங்கள் பெறப்பட்டு, வீடு, மின்பாவனை, சொத்து, உடல்நலம் முதலிய விபரங்கள் திரட்டப்பட்டுள்ளன. வறிய குடும்பம் என ஒரு திணைக்களம் ஏற்றுக்கொண்டு மாதாந்தம் பணம் வழங்கும் வீட்டின் பிள்ளையிடம், இன்னொரு நிறுவனம் 'நீ வறியவன் என்பதற்குச் சான்று கொண்டு வா' எனக் கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது? அஸ்வெசும பட்டியலில் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வருமானச் சான்று தேவையில்லை என ஒரு சுற்றுநிருபம் போதுமானது. அதேவேளை, அப்பட்டியலில் இடம்பெறாதோர் வறியவரல்லர் என்று கொள்ளவும் கூடாது. முதற் பட்டியல் வெளியானபோது நாடெங்கும் எழுந்த மேன்முறையீடுகளை மறப்பதற்கில்லை. பட்டியல் உள்ளே அழைப்பதற்கு உதவட்டும். வெளியே தள்ளுவதற்கு உதவக்கூடாது.

வடக்குக்கே உரிய ஒரு துயரமும் இங்கு உண்டு. படிவத்தில் 'தந்தையின் தொழில்', 'தந்தையின் வருமானம்' என்ற கட்டங்கள் இருக்கும். போரின்போது காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பிள்ளை அதில் எதனை எழுதுவது? இறப்புச் சான்றிதழ் பெற அக்குடும்பம் உடன்படவில்லை. உடன்படுமாறு கேட்கும் உரிமையும் எவருக்கும் இல்லை. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் இத்தகையோருக்கெனக் காணாமற்போனமைக்கான சான்றிதழை ஏற்படுத்தியது. கடதாசிப் படிவமாயின், ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி, உத்தியோகத்தரிடம் விளக்கிக் கூறலாம். கணினிக்கு விளக்கம் சொல்ல முடியாது. 'உயிருடன் உள்ளார்', 'இறந்துவிட்டார்' என்ற இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யாமல் அடுத்த பக்கத்துக்குச் செல்லவிடாத திரையின் முன் அந்தப் பிள்ளை அமர்ந்திருப்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு இலக்கம் இல்லாத பெற்றோருக்கு நேர்ந்ததும் இதுவே. படிவத்தை வடிவமைப்போர் யாரை மறக்கிறார்களோ அவர்களே பெரும்பாலும் உதவி மிகுதியும் தேவைப்படுவோராக இருக்கின்றனர். பெண் தலைமைத்துவக் குடும்பங்களும், இடம்பெயர்வுகளில் ஆவணங்களை இழந்தோரும், முகாமில் பிறந்து காலந்தாழ்த்திப் பதிவு செய்யப்பட்டோரும் உள்ள மாகாணத்தில் படிவம் முதலில் பரீட்சிக்கப்படுமாயின் அதன் குறைகள் விரைவில் வெளிப்படும். கொழும்பில் பரீட்சிக்கப்பட்டால் அவை வெளிப்படா.

பெயர் பற்றிய சங்கடமும் சிறிதன்று. எம்மிடையே குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. தந்தையின் பெயரே முன்னெழுத்தாகிறது. அதனை ஆங்கிலத்தில் எழுதும்போது பிறப்புப் பதிவாளர் ஒரு விதமாகவும், அடையாள அட்டை விண்ணப்பத்தை நிரப்பியவர் இன்னொரு விதமாகவும், பாடசாலை வேறொரு விதமாகவும் எழுதியிருப்பர். கந்தசாமி என்ற ஒரு பெயரை எத்தனை எழுத்துக்கூட்டல்களில் எழுதலாம் என்பதை எமது வாசகர்களே கணித்துக்கொள்ளலாம். மனிதக் கண்ணுக்கு அவை ஒரே பெயர். கணினிக்கு வெவ்வேறு ஆட்கள். இதனுடன், பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்ட பழைய பதிவுகள் ஒருங்குறிக்கு மாறும்போது உருக்குலைவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தையே இணைப்புத் திறவுகோலாகக் கொண்டு, பெயர் வேறுபாட்டைக் காரணங்காட்டி விண்ணப்பம் தானாக நிராகரிக்கப்படாதவாறு விதி செய்வது அவசியம். தமிழ்ப் பக்கம் சிங்கள, ஆங்கிலப் பக்கங்களோடு ஒரே நாளில் திறக்கப்படவேண்டும் என்பதையும் இவ்விடத்தில் வலியுறுத்துகிறோம். அரச இணையத்தளங்கள் பலவற்றில் தமிழை அழுத்தினால் ஆங்கிலமோ வெற்றுப் பக்கமோ தோன்றும் அனுபவம் எவருக்கும் புதிதன்று.

முத்திரைகளைக் குறைத்தால் மோசடி பெருகும் என அதிகாரிகள் அஞ்சுவது முற்றிலும் ஆதாரமற்றதல்ல. இந்தியாவில் 2015 இல் தொடங்கப்பட்ட தேசிய புலமைப்பரிசில் இணையத்தளத்தின் ஊடாகச் சிறுபான்மையின மாணவர்களுக்கு வழங்கப்பட்ட உதவியில், இடைத்தரகர்களும் சில நிறுவனங்களும் கூட்டுச் சேர்ந்து பணம் சுருட்டியமை 2020 இல் ஜார்க்கண்டில் அம்பலமானது. ஆராயப்பட்ட 1,572 நிறுவனங்களில் 830 போலியானவை அல்லது இயங்காதவை எனவும், இழப்பு 144 கோடி ரூபாயைத் தாண்டும் எனவும் 2023 இல் வெளியான விபரங்கள் கூறின. இங்கு கவனிக்கவேண்டியது, இம்மோசடியைச் செய்தோர் படிவம் நிரப்பிய ஏழை மாணவர்கள் அல்லர் என்பதே. சான்றளிக்கும் இடத்தில் இருந்தோரே சான்றை விற்றனர். மாணவனிடம் பத்தாவது பிரதியைக் கேட்பது இத்தகைய களவைத் தடுக்காது. பணம் வழங்கிய பின்னர் எழுந்தமானமாகச் சில விண்ணப்பங்களைத் தெரிந்து வீடு வரை சென்று பரிசோதிப்பதும், பொய்யுரைத்தோரிடமிருந்து தொகையை மீளப் பெறுவதுமே தடுக்கும்.

அந்தப் பரிசோதனைக்குக் கிராம அலுவலரை விடச் சிறந்தவர் எவருமில்லை. எனவே அவரை இம்முறையிலிருந்து அகற்றவேண்டும் என நாம் கூறவில்லை. அவர் மேசையில் இருந்து முத்திரை குத்துவதற்குப் பதிலாக, தமது கணக்கில் நுழைந்து, தமது பிரிவின் விண்ணப்பங்களைத் திரையில் பார்த்து, ஏற்பதையும் மறுப்பதையும் அங்கேயே பதியலாம். பிரதேச செயலாளர் அங்கேயே மேலொப்பமிடலாம். மாணவன் அந்த இரு அலுவலகங்களுக்கும் செல்லவேண்டியதில்லை. நீர்வேலியின் தோட்டக்காரருக்கு வருமானத் தொகையை ஊகிப்பதற்குப் பதிலாக, நிலத்தின் பரப்பு, சொந்த நிலமா குத்தகையா, பயிர் எது, கடந்த பருவத்தில் அழிவு ஏற்பட்டதா என்ற நான்கு கேள்விகளுக்கு அவர் விடை பதிந்தால், கணிப்பை ஒரே அளவுகோலில் செய்துகொள்ளலாம். கறாரான அலுவலர், தாராளமான அலுவலர் என்ற அதிர்ஷ்டம் அங்கு குறையும். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்தில் கிடைக்கவேண்டும் என்பதும் முக்கியம். இன்று பலருக்குத் தாம் ஏன் தெரிவாகவில்லை என்பதே தெரிவதில்லை. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிரயோகித்துத்தான் அதனை அறியவேண்டும் என்ற நிலை ஒரு மாணவனுக்கு ஏற்படலாகாது.

ஒரு குடும்பத்தின் வறுமை விபரங்கள் அனைத்தும் ஓரிடத்தில் சேரும்போது அவற்றைக் காப்பதும் கடமையாகிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கெனவே நிறைவேற்றப்பட்டது. சம்மதம் பெறாமல் ஒரு திணைக்களம் மற்றொன்றின் தரவை எடுக்கக்கூடாது. எடுத்ததை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது. கண்காணிப்பின் கசப்பை அறிந்த எமது சமூகத்துக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எஞ்சுவது, பக்கத்தில் இருந்து நிரப்பிக்கொடுக்கும் அந்த ஒருவர். இதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை. பெறுபேறுகள் வெளியான பின்னரான வாரங்களில், நீர்வேலி அத்தியார் இந்துக் கல்லூரி போன்ற பாடசாலைகளின் கணினி அறைகளையும் பிரதேச சபை நூலகங்களையும் மாலை வேளைகளில் திறந்துவைக்கலாம். முந்திய வருடத்தில் இதே படிவத்தை நிரப்பி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர் இருவர் மூவர் ஊருக்கு ஊர் இருக்கின்றனர். மாணவனின் சொந்த மின்னஞ்சலில், சொந்தக் கடவுச்சொல்லில், அவன் கண் முன்னே நிரப்பிக்கொடுக்க அவர்களால் இயலும்.

ஊரின் பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்தோரின் நிதியங்களும் இது விடயத்தில் தம்மையும் ஒரு முறை நோக்கவேண்டும். அரசின் படிவத்தைக் குறைகூறும் நாம், எமது அறக்கட்டளைகளின் படிவங்களைப் பார்ப்பதில்லை. இலண்டனிலிருந்து ஒன்று, ரொறன்ரோவிலிருந்து ஒன்று, சூரிச்சிலிருந்து ஒன்று என வரும் உதவிகளுக்கு ஒவ்வொன்றும் தனித்தனிப் படிவம், தனித்தனிக் கிராம அலுவலர் கடிதம், தனித்தனி வங்கிப் புத்தகப் பிரதி, வீட்டு வாசலில் நின்று எடுத்த புகைப்படம் எனக் கேட்கின்றது. ஒரே பிள்ளை தனது குடும்பத்தின் இல்லாமையை வெவ்வேறு முகவரிகளுக்கு ஐந்தாறு தடவை எழுதுகிறது. சிலவேளைகளில் மேடையேறி ஒளிப்படக் கருவியின் முன் உறையைப் பெற்றுக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் உதவும் நிதியங்களாவது ஒரே படிவத்தை ஏற்றுக்கொள்ள உடன்பட்டால், அதனைப் பாடசாலை அதிபர் ஒரு தடவை உறுதிப்படுத்தி, மாணவனின் சம்மதத்துடன் தேவையானோருக்கு அனுப்பிவைக்கலாம். அடுத்த உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகுமுன் கோப்பாய் பிரிவிலேயே இதனைத் தொடங்கிப் பார்க்கலாம்; ஒரு கூட்டமும் இரு பக்கப் படிவமும் மட்டுமே இதற்கு வேண்டியவை.